ஏழாம் அத்தியாயம்: கடற்கரையில் ஓர் இரவு

சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர் கூடி "எங்கயாவது போயிடலாம்" என்று பேச ஆரம்பித்தால், மூன்றாவது நிமிடத்தில் பேச்சு ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நிற்கும். மலைக்குப் போக ஒரு ராத்திரிப் பயணம் வேண்டும். கடலோ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. வாரம் முழுக்கச் சுவரையும் திரையையும் பார்த்துச் சுருங்கிய கண், அடிவானம் வரை குறுக்கே ஒன்றுமில்லாத வெளியைப் பார்த்ததும் தானாக விரிகிறது. அதற்காகத்தான் போகிறோம். விடுதி அறையில் தங்கினால் இதில் பாதிதான் கிடைக்கும். கூடாரத்துத் துணிக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்க, மணலில் முதுகு பதியப் படுத்து எழும்போதுதான் முழுதாகக் கிடைக்கும்.

நாங்கள் முதன்முதலில் அப்படிப் போனது கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கரைக்கு. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். யாரையும் கேட்கவில்லை. சமமாக, இறுக்கமாக இருந்த மணலைப் பார்த்து இரண்டு கூடாரங்களை அடித்தோம். அன்று பௌர்ணமி. சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஓர் அலை மெல்ல ஏறி வந்து பாயையும் பைகளையும் நனைத்துவிட்டுத் திரும்பியது. அடுத்தது கூடாரத்துக்குள்ளேயே வந்தது. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். விடியற்காலையில் படகு தள்ள வந்த பெரியவர் ஒருவர் ஈரத் துணிகளைப் பார்த்துவிட்டு, "பௌர்ணமில தண்ணி அதுவரைக்கும் ஏறும்னு தெரியாதா தம்பி?" என்றார். தெரியாது என்றோம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பமே" என்றார்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். கூடாரமும் டார்ச்சும் அடுப்பும் கடையில் கிடைக்கும். எந்த இடத்தில் தண்ணீர் ஏறும், எங்கே இழுக்கும், இன்று காற்று எப்போது திரும்பும் என்பதெல்லாம் அந்தக் கரையில் வாழ்கிறவர்களிடம் மட்டுமே கிடைக்கும். கடற்கரை நமக்கு விடுமுறை இடம். அவர்களுக்கு வீட்டு வாசல். வாசலில் கேட்டுவிட்டுத் தங்குகிற விருந்தாளிக்கு இரவு நல்லபடியாகக் கழியும்.

இடம் எது?

மெரினா, பெசன்ட் நகர் மாதிரியான நகரக் கடற்கரைகளை முதலிலேயே விட்டுவிடுங்கள். அங்கே இரவு தங்க முடியாது; போலீசார் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். தெற்கே இறங்கினால் சுமார் 40 கிலோமீட்டரில் கோவளம். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. பகலில் போய்க் குளித்துவர நல்ல இடம். கூடாரம் போடுவதற்கானது அல்ல. மாமல்லபுரத்தில் கூட்டமும் விடுதிகளும் அதிகம். அதைத் தாண்டியதும் கல்பாக்கம். அணுமின் நிலையம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரக் கரையில் பாதுகாப்புக் கெடுபிடி உண்டு. அங்கே நிற்கவே வேண்டாம்.

கல்பாக்கத்துக்குத் தெற்கிலிருந்து மரக்காணம் வரையிலான கரைதான் நமக்கு ஏற்றது. சென்னையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் கடப்பாக்கம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகம், நடுவில் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும். பக்கத்திலேயே ஆலம்பறைக் கோட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன துறைமுகம் அது. 1750இல் பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்து, பத்தே ஆண்டில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. சாயங்காலம் அந்தச் செங்கல் மதிலோரம் நின்றால் கழிமுகமும் மணல்திட்டும் அதற்கப்பால் கடலும் ஒரே பார்வையில் விழும். பார்த்துவிட்டு வாருங்கள், கோட்டைக்குள் கூடாரம் போடாதீர்கள்.

சொந்த வண்டி இல்லாதவர்கள், ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்தில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். சாலையிலிருந்து கரைக்குச் சாமான்களோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

யாரிடம் கேட்பது?

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை, திறந்த கரையைவிடக் கரையோரத் தனியார் தோப்பு மேல். கழிப்பறை இருக்கும், நல்ல தண்ணீருக்குக் கிணறோ குழாயோ இருக்கும், பிரச்சினை என்றால் கூப்பிட ஆள் இருக்கும். தோப்புக்காரரிடம் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: வாடகை ஆளுக்கா, கூடாரத்துக்கா? கழிப்பறை இரவில் திறந்திருக்குமா? அடுப்பு மூட்டலாமா? குழுவில் பெண்கள் இருந்தால் இரண்டாவது கேள்வியை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த கரையில்தான் தங்க வேண்டும் என்றால் அந்தக் கரையிலுள்ள மீனவக் குப்பத்தில் போய்க் கேளுங்கள். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் செல்வாக்கு அதிகம். கரையில் எது எங்கே என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். வண்டியிலிருந்து இறங்கி, செருப்பை ஓரமாக விட்டு, வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, நாங்க ஆறு பேரு. இன்னிக்கு ஒரு ராத்திரி தங்கலாம்னு வந்திருக்கோம். யாரைக் கேக்கணும்?" என்று ஆரம்பித்தால் போதும். அவர் ஆளைக் காட்டுவார். பெரும்பாலும் இடத்தையும் காட்டிவிடுவார். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அங்கே போனதும் கவனிக்க வேண்டியவை:

- காயப்போட்ட வலைமீது நடக்காதீர்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து பின்ன வேண்டியவர் அவர்தான்.
- படகுகள் ஏறி இறங்கும் பாதையில் கூடாரம் போடாதீர்கள். விடிவதற்கு முன்பே படகு தள்ளுவார்கள்.
- கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்காதீர்கள். அது அவர்கள் வீட்டுச் சோறு.
- கண்ணாடிப் பாட்டில் எதுவும் கரைக்கு வர வேண்டாம். படகு தள்ளுகிறவர்கள் வெறுங்காலோடு மணலை மிதித்துத்தான் தள்ளுகிறார்கள். உடைந்த ஒரு சில்லு மணலுக்குள் புதைந்துவிட்டால், அடுத்து அதைக் கண்டுபிடிப்பது யாரோ ஒருவருடைய பாதம்தான்.

எந்த மாதம், எந்த நாள்?

இந்தக் கரைக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை உள்ள இரண்டு மாதம் உத்தமம். வெயில் கொளுத்தாது, இரவில் போர்வை கேட்கும் அளவுக்குக் காற்று இருக்கும். பனி இறங்கும் என்பதால் கூடாரத்தின் மேல்விரிப்பைக் கட்டாயம் போடுங்கள். பொங்கல் விடுமுறையில் மட்டும் கரை நெரிசலாக இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கூடாரத்துக்குள் புழுங்கும். காலை ஏழு மணிக்கே உள்ளே இருக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறிய நாட்டுப்படகுகள்தான் போகும். மீன் கிடைப்பது குறைவு, விலையும் கூடுதல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்தில் இடி மழை பிடிக்கலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். அந்த மூன்று மாதமும் இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

மாதத்தைப் பார்த்தாயிற்று, இனி நிலவைப் பாருங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் அதிகம். கடல் ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் நாளை ஏழுக்குச் சற்று முன்பாக இருக்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நிலா வெளிச்சம் வேண்டும், தண்ணீர் ஏறவும் கூடாது என்றால் பௌர்ணமிக்கு நாலைந்து நாள் முந்தைய சனிக்கிழமை சரியாக வரும். அப்போது நிலா மாலையிலேயே மேலே நிற்கும், நள்ளிரவு தாண்டி மறையும், பிறகு நட்சத்திரங்கள் முழுதாகத் தெரியும்.

என்னென்ன எடுத்துப் போவது?

ஆறு பேர், ஓர் இரவு என்ற கணக்கில் பட்டியல் இது:

- கூடாரம்: மூன்று பேர் படுக்கும் கூடாரம் இரண்டு. பூச்சி வலையும் ஜிப்பும் முழுதாக மூடுகிறதா என்று வீட்டிலேயே ஒரு முறை விரித்துப் பாருங்கள்.
- தரைவிரிப்பு: கூடாரத்தின் அடிப்பரப்பைவிடச் சற்றே சிறியதாக ஒரு தார்ப்பாய். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனித்தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பிவிடும்.
- சாக்குப்பை: காலி அரிசிச் சாக்கு பத்துப் பன்னிரண்டு. எதற்கு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.
- கயிறு: நைலான் கயிறு 20 மீட்டரில் இரண்டு. ஒன்று கூடாரத்துக்கு, மற்றொன்று கடலோரத்தில் எப்போதும் தயாராக.
- தண்ணீர்: 20 லிட்டர் கேன் குறைந்தது இரண்டு. குடிக்க மட்டும் ஆளுக்கு நாலு லிட்டர் வைத்தால் 24 லிட்டர் போய்விடும். மீதி சமையலுக்கும் கை கழுவவும். வண்டியில் இடம் இருந்தால் மூன்றாவது கேனும் ஏற்றிக்கொள்ளுங்கள்.
- வெளிச்சம்: நெற்றியில் கட்டும் டார்ச் ஆளுக்கொன்று, சிவப்புக் கண்ணாடித் தாள் கொஞ்சம்.
- மருந்து: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காயத்துக்கு மருந்தும் கட்டுத்துணியும், சின்ன இடுக்கி, கொசு விரட்டும் களிம்பு, அவரவர் அன்றாட மாத்திரைகள்.
- மற்றவை: சின்ன மண்வெட்டி, கையடக்கக் காஸ் அடுப்பு, தீப்பெட்டி, கத்தி, முழுக்கைச் சட்டை, தொப்பி, குப்பைக்குப் பெரிய பை நாலு.

ஒலிபெருக்கியைப் பட்டியலில் சேர்க்கவில்லை. நகரத்துச் சத்தத்திலிருந்து தப்பித்து வந்திருக்கிறோம். காலை மூன்று மணிக்கு எழுந்து கடலுக்குப் போக வேண்டியவர்கள் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டும் இருப்பார்கள்.

வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் கூடாரம், இருவர் சமையல், ஒருவர் தண்ணீர், இன்னொருவர் கரைக்காவல். கரைக்காவல் என்றால் நண்பர்கள் கடலில் இறங்கியிருக்கும் நேரம் முழுக்கக் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பவர். அந்த வேலையை அரை மணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். ஆள் இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது.

மணலில் கூடாரம் நிற்க வேண்டுமானால்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினால், வழியில் சாப்பிட்டு, ஊரில் கேட்டு, மூன்று மணிக்குக் கரையில் இருக்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் எழுந்துவிட வேண்டும். ஆறு மணி தாண்டினால் மளமளவென்று இருட்டிவிடும்.

முதலில் மணலைப் படியுங்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து மேலே நடந்தால், சருகும் சிப்பியும் கடற்பாசியும் ஒதுங்கிய கோடு ஒன்று தெரியும். கடைசி ஏற்றம் வந்து நின்ற எல்லை அது. இன்னும் மேலே, காய்ந்து வெளுத்த மற்றொரு கோடு இருக்கும். பெரிய ஏற்றத்தின் எல்லை அது. அதையும் தாண்டினால் ஆட்டுக்குளம்பு போல் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக ஒரு கொடி படர்ந்திருக்கும். சங்கப் பாடல்களில் அடும்பு என்று வருகிற கொடிதான்; இன்றைய பேச்சில் அடப்பங்கொடி. கூடவே இராவணன் மீசை என்கிற முள்ளுப்புல் உருண்டைகளும் இருக்கும். அந்தச் செடிகள் நிலையாக வேர்பிடித்த இடத்துக்குச் சாதாரண நாளில் அலை வராது. உங்கள் கூடாரம் அதற்கும் நிலப்பக்கமாக இருக்கட்டும். கொடியின்மேலேயே போடாதீர்கள். அது வேரோடிப் பிடித்திருப்பதால்தான் அந்த மணல்மேடு காற்றில் கரையாமல் நிற்கிறது.

தென்னைமரத்தடியில் கூடாரம் வேண்டவே வேண்டாம். தேங்காயும் மட்டையும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. சவுக்குத் தோப்பில் சருகு மெத்தைபோல் இருக்கும், படுக்கச் சுகம். ஆனால் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். அங்கே படுக்கலாம், அடுப்பு மூட்டக் கூடாது.

அடுத்து முளை. கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் கடற்கரை மணலில் நிற்காது. காற்று இரண்டு முறை உலுக்கினால் வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்துவிடும். நாங்கள் செய்வது இது. ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டுகிறோம். மேலே இருக்கும் காய்ந்த மணல் சரிந்துகொண்டே இருக்கும், பொறுமையாக அள்ள வேண்டும். கொஞ்சம் ஆழம் போனதும் கைக்குச் சில்லென்று ஈர மணல் தட்டுப்படும். அரிசிச் சாக்கில் பாதிக்கு மணல் நிரப்பி, வாயைச் சுருட்டிக் கூடாரக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம். சாக்கைக் குழியில் படுக்கவைத்து, மேலே ஈர மணலைத் தள்ளிக் காலால் மிதிக்கிறோம். பிறகு கயிற்றைப் பிடித்து ஓர் ஆள் முழு எடையோடு பின்னால் சாய்ந்து இழுத்துப் பார்ப்பார். அசையவில்லை என்றால் அடுத்த மூலை. நாலு மூலைக்கும் இப்படிச் செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி உழைப்புக்கு இரவு முழுவதும் நிம்மதி.

பகலிலும் மாலையிலும் காற்று கடலிலிருந்து வரும். பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பலாம். கூடாரத்தின் குறுகிய பக்கம் கடலைப் பார்க்கட்டும். அகலப் பக்கத்தைக் காட்டினால் பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும்.

சாப்பாடு

முதல் வேளைக்குக் கட்டுச்சோறு போதும். புளியோதரை, கூடவே வறுத்த வடாம். புளிசாதம் மறுநாள் காலை வரைக்கும்கூடக் கெடாது. தயிர்சாதம் எடுத்துப் போனால் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசையுங்கள், வழியில் புளிக்காது. இரவுக்கு ரவை உப்புமாவோ காய்கறி போட்ட சேமியாவோ ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும்.

மீன் வாங்க நேரம் காலை, படகு கரையேறும்போது. இறக்கிய சங்கராவோ காரப்பொடியோ நெத்திலியோ கரையிலேயே விற்பார்கள். கண் தெளிவாகத் துருத்தி நிற்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்ப வேண்டும். ஆய்ந்து தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு உண்டான காசையும் கொடுங்கள். பேரம் பேசுவதற்கு முன்பு, அந்த மீனுக்காக அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தோசைக்கல்லில் போட்டால் காலைச் சாப்பாடு தயார்.

அடுப்பைக் காற்றின் போக்கில் கூடாரத்துக்கு அந்தப் பக்கமாக, பத்தடி தள்ளி வையுங்கள். ஒரு சாண் ஆழப் பள்ளத்துக்குள் அடுப்பு இருந்தால் காற்று அணைக்காது. கூடாரத்துக்குள் காஸ் அடுப்பையோ கரியையோ ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம். வெளியேற வழியில்லாத நச்சுப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கடலில் இறங்கும்போது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் இரண்டு முறை படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கரையில் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் அலைகளை மட்டும் பாருங்கள். வெள்ளை நுரையோடு அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்கும். நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் தட்டையாக, மணல் கலங்கிய நிறத்தில் இருக்கும். நுரை கடலை நோக்கிப் போகும். குளிக்க வருகிறவர்கள் "இங்க அலையே இல்ல" என்று அங்கேதான் இறங்குவார்கள். அதுதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் முழுவதும் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. மறுமுறை கடப்பாக்கம் போனபோது, எங்கே இறங்கலாம் என்று கேட்டதற்கு ஒருவர் கையை நீட்டி, "அந்த மூணாவது படகுக்கு இந்தாண்ட எறங்கு. அந்தாண்ட போகாத, இழுப்பு" என்றார். எங்கள் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அவர் சொன்ன பிறகு கால் மணி நேரம் பார்த்தோம். அந்தப் பக்கத்து நுரை கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

- பகலில் மட்டும், இடுப்பளவுத் தண்ணீரில் மட்டும் குளியுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதிதான். குளத்து நீச்சல் வேறு, கடல் வேறு.
- குடித்தவர் கடலில் இறங்கவே கூடாது. இதில் நட்பு, தயவு எதுவும் பார்க்காதீர்கள்.
- கழிமுகத்தின் முகத்துவாரத்தில் இறங்காதீர்கள். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அங்கே தண்ணீர் ஆற்று வெள்ளம்போல் ஓடும்.
- இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள்; களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரையேறுங்கள்.
- ஒருவர் சிக்கினால் மற்றவர் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது கடற்கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. காலியான 20 லிட்டர் கேனை மூடி இறுக்கி, கைப்பிடியில் கயிறு கட்டி, கரையில் தயாராக வைத்திருங்கள். அதை எறியுங்கள். படகுக்காரர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

கிளம்பும் முன் வானிலை அறிவிப்போடு கடல் அறிவிப்பையும் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையமான இன்காய்ஸ், உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. "கள்ளக்கடல்" என்ற சொல் அதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தொலைதூரத் தென்கடலில் எழும் அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் திருடன்போல் வந்து கரையேறுவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளைஞர்களை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாட்கள் அவை. அவர்களும் நம்மைப்போல் நண்பர்களோடு கடற்கரைக்கு வந்தவர்கள்தான்.

எல்லோருடைய கைப்பேசியிலும் இந்த எண்கள் இருக்கட்டும்: ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படையின் மீட்புப் பிரிவு 1554.

கடி, கொட்டு, குத்து

சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் தோல் எரியும். நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், துணியால் தேய்க்காதீர்கள், எரிச்சல் கூடும். கடல் தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வையுங்கள். திருக்கையின் வால்முள் குத்தினாலும் முதலுதவி வெந்நீர்தான். பிறகு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் பாதத்தைத் தரையோடு உரசி நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

தோப்பில் பாம்பு இருக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அதனால் திறந்த வெளியில் பாயில் படுக்காமல் கூடாரத்துக்குள் ஜிப்பை முழுதாக மூடிப் படுங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் பகுதியிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் வடக்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, தெற்கே புதுச்சேரி ஜிப்மர்.

இரவு

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நமக்கு உகந்த மாதங்கள்தான் பங்குனி ஆமை கரையேறும் மாதங்களும். தாய் ஆமை இரவில் மணலில் குழி தோண்டி நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும். ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவந்து, வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி நடக்கும். கரையில் ஒரு விளக்கு எரிந்தால் கடலுக்கு முதுகைக் காட்டி அதை நோக்கி வந்து செத்துப்போகும். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பதற்கு இந்த விளக்குகளும் ஒரு காரணம்.

எனவே சாப்பாடு முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். மணலில் தீ மூட்டாதீர்கள். கீழே முட்டைகள் இருக்கலாம். ஆமை ஏறுவதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தால் தள்ளி உட்கார்ந்து, பேசாமல், படம் எடுக்காமல் பாருங்கள். தொடுவதும் முட்டை எடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையில் பயணம் ஆரம்பிக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. கால் மணி நேரத்தில் கண் பழகி, அலையின் வெள்ளை விளிம்பு தெரியும். பிறகு மணல், நண்பர்களின் முகம், தூரத்தில் புள்ளிகளாகப் படகு விளக்குகள். வாரம் முழுக்கப் பேசாத பேச்சு அந்த இருட்டில்தான் வரும். அதற்கு நேரம் விடுங்கள். வேறு நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள்.

கிளம்பும் முன்

விடியலுக்கு எல்லோரும் எழுந்துவிடுங்கள். கிழக்குக் கரையில் சூரியன் தண்ணீரிலிருந்தே ஏறி வரும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் ஏறும் முன் கூடாரத்தைப் பிரியுங்கள். சாக்குகளைத் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டி, குழிகளை மூடி மிதியுங்கள். திறந்த குழியில் ஆமைக்குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. படகு தள்ளுகிறவரின் கால் மடங்கும். கழிப்பறை இல்லாமல் குழி தோண்டியிருந்தால் அதையும் ஒரு சாண் மண் போட்டு மூடுங்கள். குப்பை முழுவதும் உங்களோடு வண்டியில் ஏறட்டும். மீன்கழிவைப் பொறுத்தவரை ஊரில் கேட்டு அவர்கள் சொல்கிற இடத்தில் போடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஆறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, கூடாரம் இருந்த இடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெறுங்காலோடு மெல்ல நடங்கள். பாட்டில் மூடி, தீக்குச்சி, மீன்முள், கம்பி என்று காலில் எது தட்டுப்பட்டாலும் குனிந்து எடுங்கள். எதுவும் தட்டுப்படாத வரை திரும்பத் திரும்ப நடங்கள். நாளைக் காலை இருட்டில் அந்த மணலை மிதித்துப் படகு தள்ளப் போகிறவர் இதே மாதிரி வெறுங்காலோடுதான் வருவார்.